பைபாஸுக்குத் தமிழ்

மஞ்சூருக்கு அப்பால், கேம்ப் கிளப்பில்
கேரம் போர்டை அகற்றிவிட்டு சிமுலேட்டர் வைத்தார்கள்.
மூன்று திரை, ஒரு சிவப்புப் பொத்தான்,
மலைக்குக் கீழே ஓடும் மிஷினின்
தண்ணீர் இல்லாத நகல்.

எனக்கு இட்ட வேலை சொற்கள்.
நூற்று நாற்பது ஆங்கிலச் சொல், எதிரே தமிழ்.
"ஆபரேட்டருக்குப் புரியணும், ஆடிட்டருக்குப் பிடிக்கணும்"
என்றார் தணிகைவேலு சார்.

ட்ரிப்பில் தொடங்கினேன்.
அகராதி 'தடையுறல்' என்றது.
மஞ்சூர் ஸ்டாண்டில் ட்ரிப் என்றால்
ஊட்டிக்கு ஏழு பேர், நெருக்கி உட்காரணும்.
பவர்ஹவுஸில் ட்ரிப் என்றால்
ராத்திரிச் சோறு ஆறிப்போகும்.
அப்படியே விட்டேன்.

வாட்ச்டாகுக்குக் காவல்நாய் என்று எழுதினேன்.
நொடிக்கொரு தரம் நிரல் அதன் தலையைத் தடவவேண்டும்.
ஒரு நொடி மறந்தால் குரைக்காது,
நேரே கடித்து எல்லாவற்றையும் நிறுத்திவிடும்.
பெள்ளிராஜ் படித்துவிட்டுச் சொன்னார்:
"நம்ம கேட் நாய் நேர் எதிர், மேடம்.
தடவினாத்தான் கடிக்கும்."

மூன்றில் இரண்டு ஓட்டு.
இதற்கு விளக்கமே வேண்டியிருக்கவில்லை.
மூன்று சென்சாரில் இரண்டு சொல்வது உண்மை.
"மூணாவதுதான் சரின்னா?" என்றாள்
பயிற்சிக்கு வந்த ஜெபக்கனி.
டீ வந்துவிட்டது.

டிமாண்ட் என்னை மூன்று நாள் உட்காரவைத்தது.
தேவை அல்ல. கேட்பும் அல்ல.
ஒரு காப்புக் கருவி ஆண்டுக்கணக்கில் சும்மா நிற்கிறது.
ஒரு நாள், ஒரே ஒரு கணம்,
'இப்போது' என்று அதனிடம் சொல்லப்படுகிறது.
அந்த 'இப்போது'க்குத்தான் பெயர் வேண்டும்.
'அழைப்பு' என்று எழுதி அடித்தேன்,
திரும்ப எழுதினேன், பென்சிலில்.

மாசி முதல் வாரம்.
பனியில் கருகிய தேயிலை ஜன்னலுக்கு வெளியே பழுப்பாக.
ஜெபக்கனி பேரிங் சூட்டை விரலால் ஏற்றினாள்.
எழுபது. எண்பது. அலாரம்.
தொண்ணூறில் திரை சிவந்தது, மிஷின் நின்றது,
இல்லாத தண்ணீருக்கு வால்வு மூடியது.
கைதட்டினோம்.
பெள்ளிராஜ் தட்டவில்லை.

பட்டியலில் கண்ணை வைத்தபடி நான் கேட்டேன்:
"பைபாஸுக்கு நீங்க என்ன சொல்வீங்க?"
"ஜம்பர்னுவோம்."
"ஒரு உதாரணம்?"
"ரெண்டாம் மிஷின். இதே பேரிங்.
ஐப்பசி மழையில கேபிள்ல ஈரம், சும்மா சும்மா ட்ரிப்.
ஒரு முழம் வயரைப் போட்டேன்.
வெயில் வந்ததும் எடுக்கலாம்னு."
பிறகு திரையைக் காட்டி,
"இங்க நின்னுச்சு. கீழ நிக்காது."

பென்ஸ்டாக்கை ஒட்டி விஞ்சில் இறங்கினோம்,
மூடுபனிக்குள் நான்கு பேர்.
கயிறு மட்டும் முனகியது.
பெட்டியைத் திறந்தால் இருந்தது:
சிவப்பு வயர், இரு நுனியிலும் கிளிப்,
மேலே பூசணம்போல் தூசி.
எந்த ரெஜிஸ்டரிலும் அதற்கு ஒரு வரி இல்லை.
மிஷின் நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தது.
நான்கு மாதமாக யாரும் அழைக்கவில்லை, அவ்வளவுதான்.
அறுபத்தேழாம் சொல்லுக்கு நேரே
'காணாப் பழுது' என்று எழுதியிருந்தேன்,
கையெழுத்து அழகாக.

சார் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.
மிஷினை நிறுத்தச் சொன்னார்.
"போட்ட கையே எடுக்கட்டும்" என்றார்.
கிளிப் துருவேறி வரமாட்டேன் என்றது.

ஆறாம் திருத்தம் அச்சாகிவிட்டது.
பைபாஸுக்கு எதிரே 'தற்காலிகப் புறவழி'.
ஆடிட்டருக்குப் பிடித்துவிட்டது.

கீழே ஷிஃப்ட் மாறும்போது
படியில் நின்று ஒருவர் கேட்கிறார்:
"இன்னிக்கு ஐப்பசி எத்தனை?"
"ஒண்ணு. மூணாம் மிஷின், ஆயில் லெவல்.
எழுதியாச்சு."